காலி பாட்டிலில் காசு!

பெர்லினுக்குப் போய் வந்தவர்களை, "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிராண்டன்பர்க் வாசலைப் பார்த்தேன், இடித்த சுவரின் மிச்சத்தைப் பார்த்தேன் என்பார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன். வாசலுக்கு முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக் கொண்டேன். ஆனால் உங்களிடம் நான் சொல்லப் போவது அந்த வாசலைப் பற்றி அல்ல. அந்த ஊர் மளிகைக் கடைகளின் மூலையில், சுவரில் பதித்த பெட்டி ஒன்றில் இருக்கும் ஒரு வட்டமான துவாரத்தைப் பற்றி!

சிரிக்காதீர்கள். அந்தத் துவாரத்தினால் நான் பட்ட அவமானத்தைக் கேட்டால் பிறகு சிரிக்கலாம்.

2024 ஜூன் மாதம் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம், பெண்ணுக்கும்தான். நாலாவது மாடியில் சின்ன வீடு. போய் இறங்கிய மூன்றாம் நாள், அவர்கள் இருவரும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க எந்தத் தாயாருக்கு மனம் வரும்? சமையலறையை ஒழுங்குபடுத்தலாம் என்று புறப்பட்டேன். மூலையில் ஒரு பெரிய பை. பை நிறையக் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள். 'பாவம், குப்பையைக் கொட்டக்கூடக் குழந்தைக்கு நேரம் இல்லை' என்று மனம் இளகிவிட்டது.

நம் ஊர்த் தண்ணீர் பாட்டிலின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது? உபயோகித்த பின் நசுக்கிவிடுங்கள் என்றுதானே? இல்லாவிட்டால் யாராவது குழாய்த் தண்ணீரை நிரப்பி மறுபடியும் விற்றுவிடுவார்கள். ரயிலில் போனால்கூட நான் பாட்டிலை நசுக்காமல் எறிந்ததில்லை. அந்த நல்ல பழக்கத்தை ஜெர்மனியிலும் காட்டினேன். பன்னிரண்டு பாட்டில்கள். ஒவ்வொன்றின் லேபிளையும் ஈரத்தில் ஊறவைத்துச் சுத்தமாக உரித்தேன். பிறகு தரையில் போட்டு, காலால் மிதித்து அப்பளமாக்கி, அழகாக அடுக்கி வைத்தேன்.

சாயந்திரம் பெண் வந்தாள். பையைப் பார்த்தாள்.

"ஐயையோ! என்னம்மா பண்ணியிருக்கே? மூணு யூரோவைக் காலால மிதிச்சிருக்கியே!"

மூன்று யூரோ என்றால் அன்றைய கணக்கில் ஏறத்தாழ 270 ரூபாய். நான் திகைத்துப் போய் நின்றேன். பேத்தி என் கையைப் பிடித்துக் கொண்டு, "பாட்டி, அது குப்பை இல்லே. அது ஃபாண்ட்" என்றாள்.

அடகு வைத்த காசு

'ஃபாண்ட்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடு, அடமானம் என்று அர்த்தம். அடகுக் கடையைக்கூட அவர்கள் 'ஃபாண்ட் வீடு' என்றுதான் சொல்லுகிறார்கள். விஷயம் இதுதான். கடையில் ஒரு பாட்டில் பானம் வாங்கினால், பானத்தின் விலைக்கு மேல் 25 சென்ட் தனியாக வாங்கிக் கொள்ளுகிறார்கள். பில்லிலும் அது தனி வரியாகவே வருகிறது. பானம் நமக்குச் சொந்தம். பாட்டில் நமக்கு இரவல். இரவலுக்கு ஈடாக நம் 25 சென்ட் அங்கே அடகில் இருக்கிறது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு முழுசாகத் திரும்பி வந்துவிடும். வட்டி கிடையாது, தரகு கிடையாது.

மறுநாள் எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. பேத்திதான் வாத்தியாரம்மா. வேறு ஒரு பை நிறையப் பாட்டில்களைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போனோம். மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. பாட்டிலின் அடிப்பக்கம் முன்னே போகும்படி படுக்க வைத்து நீட்டினாள். உள்ளே அது ஒரு சுற்றுச் சுற்றியது. கோடு கோடாக அச்சடித்த அடையாளத்தையும், பாட்டிலும் டப்பாவும் வளைந்த அம்புக்குறியும் சேர்ந்த முத்திரையையும் இயந்திரம் படித்துப் பார்த்தது. திரையில் 0.25 என்று விழுந்தது. அடுத்த விநாடி உள்ளேயிருந்து 'நறுக்'கென்று ஒரு சத்தம். பாட்டிலை நசுக்கிவிட்டது!

"நானும் இதைத்தானே பண்ணினேன்?" என்றேன் ரோஷத்தோடு.

"ஆமா பாட்டி. ஆனா இது கணக்கு எழுதிட்டு நசுக்குது. நீங்க கணக்கு எழுதாம நசுக்கிட்டீங்க!"

உடனே நசுக்குவதற்கும் காரணம் உண்டு. நசுக்காவிட்டால் அதே பாட்டிலை இரண்டாம் தடவை கொண்டுவந்து யாராவது காசு கேட்கலாம் அல்லவா? பாட்டில் வெறுமனே நெளிந்திருந்தால், முத்திரை தெரிகிறவரையில் கடைச் சிப்பந்தியிடம் கையில் கொடுத்துக் காசு வாங்கலாமாம். நானோ லேபிளையே உரித்துவிட்டேன். முத்திரை போனது, மூன்று யூரோவும் போனது.

கண்ணாடி பாட்டில்களை இயந்திரம் நசுக்குவதில்லை. அவை ஒரு பட்டையின் மேல் ஊர்வலமாக உள்ளே போகின்றன. அவற்றைக் கழுவி, மறுபடி நிரப்பி விற்பார்கள். ஒரு கண்ணாடி பாட்டில் 50 தடவை வரையில்கூட இப்படிப் போய்வருமாம். திரும்ப நிரப்பும் தண்ணீர் பாட்டிலுக்கு 15 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். எல்லாம் போட்டு முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வருகிறது. அதைக் கல்லாவில் கொடுத்தால் மளிகைக் கணக்கில் கழித்துக் கொள்ளுகிறார்கள். காசாகவும் வாங்கிக் கொள்ளலாம். அன்று எங்களுக்கு 4 யூரோவுக்குச் சீட்டு வந்தது. அதில் பேத்திக்கு ஐஸ்கிரீம். எனக்கும்தான்!

மாப்பிள்ளை சொன்ன கதை

இந்த ஏற்பாடு ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது மாப்பிள்ளை அந்தக் கதையைச் சொன்னார்.

"1991ல இங்கே ஒரு விதி போட்டாங்க, அத்தை. திரும்ப நிரப்பற பாட்டிலோட பங்கு நூத்துக்கு 72க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினா, தூக்கி எறியற பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் கட்டாயமா முன்பணம் வாங்கணும்னு."

"இறங்கிற்றா?"

"1997லே இறங்கிடுத்து. ஆனா கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. இழுத்து இழுத்துக் கடைசியில 2003 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது."

அப்போது சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்தவர் யுர்கன் ட்ரிட்டின். அவரைத் திட்டாத வியாபாரி இல்லையாம். ஜனங்களும் திட்டினார்கள். ஏன் தெரியுமா? ஆரம்பத்தில் சில பெரிய கடைகள், தங்களுக்கென்று தனி உருவத்தில் பாட்டில் செய்து, அதை மட்டுமே திருப்பி வாங்கிக் கொண்டன. ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடையில் கொடுக்க முடியாது. கையில் பாட்டிலோடு கடை கடையாக அலைவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்?

2006 மே 1ஆம் தேதி அந்தத் தொல்லை ஒழிந்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கிற கடை, எங்கே வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலையும் திருப்பி வாங்கியாக வேண்டும். டப்பாவில் விற்கிற கடை, டப்பாவை வாங்கியாக வேண்டும். 200 சதுர மீட்டருக்குக் குறைந்த சின்னக் கடைகளுக்கு மட்டும், தாங்கள் விற்கும் சரக்கை மட்டுமே வாங்கிக் கொள்ளச் சலுகை. கடைக்காரர் கொடுத்த 25 சென்ட்டை, இயந்திரம் எழுதிய கணக்கைக் காட்டிப் பானக் கம்பெனியிடம் வசூலித்துக் கொள்ளுகிறார். நசுக்கிய பிளாஸ்டிக்கை விற்ற காசும் கடைக்காரருக்கே. அவருக்கும் ஒரு லாபம் வைத்திருப்பதால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொள்ளுகிறார். 2022ல் பழரச பாட்டில்களும், 2024ல் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் பாலும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. இன்று 25 சென்ட் முன்பணம் உள்ள பாட்டில்களும் டப்பாக்களும் நூற்றுக்கு 95க்கு மேல் திரும்பி வருகின்றன.

"அப்படியானால் எல்லாம் ஜெயம்தான்" என்றேன்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "அப்படியும் சொல்ல முடியாது, அத்தை. எதுக்காக ஆரம்பிச்சாங்களோ, அது நடக்கலையே!"

உண்மைதான். கழுவி நிரப்பும் பாட்டிலைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடும். ஆனால் அதன் பங்கு 72க்குத் திரும்பி ஏறவே இல்லை. இப்போது பாதிக்கும் கீழே இருக்கிறது. எறிகிற பாட்டிலைத் திருப்பித் தருவது இவ்வளவு சுலபமாகிவிட்டபோது, கனமான கண்ணாடியை யார் தூக்குவார்கள்? முன்பணம் பாட்டிலைத் திரும்ப வரவழைக்கும். வந்த பாட்டிலைக் கழுவுவதா, நசுக்குவதா என்பதை அது தீர்மானிக்காது. அதற்கு வேறு விதி வேண்டும்.

விமான நிலையத்தில் ஒரு பாட்டி

ஞாயிற்றுக்கிழமை டெம்பல்ஹோஃப் மைதானத்துக்குப் போனோம். அது முன்னே விமான நிலையமாக இருந்த இடம். 1948, 1949ஆம் வருஷங்களில் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் பாதைகளை அடைத்தபோது, உணவும் நிலக்கரியும் சுமந்து விமானங்கள் வந்து இறங்கியது இங்கேதான். 2008ல் விமான நிலையத்தை மூடினார்கள். 2010ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2014ல் அங்கே வீடு கட்டலாமா என்று ஓட்டெடுத்தபோது, ஊர் ஜனங்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இன்று விமானம் ஓடிய பாதையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வானத்தில் விமானத்துக்குப் பதில் காற்றாடி.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. புல்வெளி நிறைய ஜனங்கள். கோழி வாட்டுகிறவர்கள், பாடுகிறவர்கள், தூங்குகிறவர்கள். எல்லார் பக்கத்திலும் பாட்டில். 'நாளைக் காலையில் இந்த இடம் எப்படி நாறப் போகிறதோ' என்று நினைத்துக் கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

என் வயதுதான் இருக்கும். சுத்தமான உடை, வாரி முடித்த தலை. கையில் உறை மாட்டியிருந்தாள். சக்கரம் வைத்த மளிகைப் பை ஒன்றை இழுத்துக் கொண்டு, குப்பைத் தொட்டி தொட்டியாக நின்று நின்று வந்தாள். சின்ன டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்ப்பாள். கையை விடுவாள். ஒரு டப்பா வெளியே வரும். எங்கள் ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, பேத்தி எழுந்து இரண்டு காலி டப்பாக்களை நீட்டினாள். அந்த அம்மாள் "டாங்கே" என்று நன்றி சொல்லி வாங்கிக் கொண்டு நகர்ந்தாள்.

எனக்கு மனசு என்னவோ செய்தது. கைப்பையைத் திறந்து ஐந்து யூரோ நோட்டை எடுத்தேன். என் பெண் கையைப் பிடித்துக் கொண்டாள்.

"வேண்டாம்மா. அவங்க பிச்சை கேட்கலே. வேலை பார்க்கறாங்க."

பணக்கார தேசம்தான். ஆனாலும் பென்ஷன் போதாத கிழவர்களும் கிழவிகளும் அங்கே பாட்டில் பொறுக்கத்தான் செய்கிறார்கள். நாற்பது பாட்டில் சேர்ந்தால் 10 யூரோ. தொட்டிக்குள் கை விட்டு அவர்கள் கையைக் கிழித்துக் கொள்ளக் கூடாது என்று, 'பாட்டிலைத் தொட்டிக்குள் போடாதீர்கள், பக்கத்தில் வையுங்கள்' என்று 2011ல் அங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். சில ஊர்களில் தொட்டியைச் சுற்றிப் பாட்டில் நிறுத்த வளையம்கூட மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அம்மாள் டப்பாவையும் பிளாஸ்டிக்கையும் விடவில்லை. ஆனால் பீர் பாட்டில்கள் சிலவற்றைப் பார்த்தும் பாராமல் போனாள். அவற்றுக்கு 8 சென்ட்தானே! கனமோ அதிகம். எந்தப் பொருளில் காசு போதவில்லையோ, அது புல்லிலேயே கிடந்து உடைகிறது.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். மைதானம் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, அது அவளுடைய ஏழ்மையால் சுத்தமாக இருக்கிறதே என்று வருத்தப்படுவதா? சட்டம் எழுதியவர்கள் கம்பெனியை நினைத்தார்கள், கடைக்காரரை நினைத்தார்கள், வாங்குகிறவரை நினைத்தார்கள். இந்தப் பாட்டியை யாரும் நினைக்கவில்லை. ஆனால் சட்டத்தை நடத்தி வைப்பவர்களில் அவளும் ஒருத்தி.

நாலு கேள்விகள்

வீட்டுக் கணக்குப் பார்த்த நமக்கு இதெல்லாம் விளங்காத விஷயம் அல்ல. இப்படி ஓர் ஏற்பாட்டைப் பற்றி யாராவது பேசினால் நாலே நாலு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: காசு போதுமா? அமெரிக்காவில் முதன் முதலாக 1971ல் இதற்குச் சட்டம் செய்த மாகாணம் ஆரிகன். பாட்டிலுக்கு 5 சென்ட் என்று வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அதை மாற்றவே இல்லை. விலைவாசி ஏறியது, 5 சென்ட்டைக் குனிந்து எடுப்பாரில்லை. நூற்றுக்கு 64 பாட்டில்தான் திரும்பியது. 2017 ஏப்ரலில் 10 சென்ட் ஆக்கியதும் 80க்கு மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது: திருப்பிக் கொடுக்கும் இடம் எங்கே? வாங்குகிற கடையிலேயே கொடுக்க முடிய வேண்டும். அதற்கென்று தனியாக ஊர்கோடிக்குப் போக வேண்டுமென்றால் பாட்டில் தெருவில்தான் விழும்.

மூன்றாவது: திரும்பாத பாட்டிலின் காசு யாருக்கு? ஜெர்மனியில் அது பானக் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. நார்வேயில் இந்த ஏற்பாட்டை நடத்தும் செலவுக்குப் போகிறது. அதோடு அங்கே கம்பெனிகளுக்கு ஒரு வரியும் உண்டு. பாட்டில்கள் திரும்பத் திரும்ப அந்த வரி குறையும். நூற்றுக்கு 95 வந்துவிட்டால் வரியே இல்லை. அதனால் பாட்டில் வர வேண்டுமே என்ற கவலை கம்பெனிக்கும் இருக்கிறது.

நாலாவது: சுமை யார் தலையில்? இதைத்தான் அந்த அம்மாளைப் பார்த்த பிறகு நான் சேர்த்துக் கொண்டேன்.

நம் ஊரில்

'அதெல்லாம் வெள்ளைக்காரர் ஊருக்குச் சரி, இங்கே நடக்குமா?' என்று கேட்கிறீர்களா? நடந்துகொண்டுதானே இருந்தது! கோலி சோடா பாட்டிலைக் கடையை விட்டு வெளியே கொண்டுபோக விட்டார்களா? கல்யாண வீடுகளில் கலர் பாட்டில் எண்ணித் திருப்புவதற்கென்றே ஒரு கண்டிப்பான மாமா இருப்பாரே, மறந்துவிட்டீர்களா? ஒரு பாட்டில் குறைந்தால் பந்தி முழுவதும் தேட வைப்பார்.

இப்போதும் ஓர் உதாரணம் உண்டு. நீலகிரிக் காடுகளில் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்கள் உடைந்து, யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. 2022 மே மாதத்திலிருந்து அந்த மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் இதைக் கொண்டுபோனார்கள். மதுவின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் யானைக்கு அதெல்லாம் தெரியாது. காலில் குத்தும் கண்ணாடிதான் தெரியும். பாட்டில்களை எண்ணி வாங்க ஆள் இல்லை, அடுக்கி வைக்க இடம் இல்லை என்று கடைச் சிப்பந்திகள் முறையிட்டார்கள். அது நியாயமான முறையீடு. நாலாவது கேள்விக்கு இன்னும் பதில் வேண்டும் என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பிய மறு வாரம் கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், நசுக்காமல், லேபிளை உரிக்காமல் நிறுத்தி வைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் சாக்குப் பையோடு ஒரு பெண் வந்து கொண்டிருந்தாள். அவளும் பாட்டில்தான் பொறுக்குகிறாள். எடுத்துப் பையில் போட்டாள். "நசுக்கிப் போட்டிருந்தா பை நிறையாதே, அம்மா!" என்றாள்.

"எத்தனை பாட்டில் சேர்ந்தால் ஒரு கிலோ?" என்று கேட்டேன்.

"நாப்பது, அம்பது ஆகும். அதுவும் பழைய சாமான் கடைக்காரர் தராசு எப்படிச் சொல்லுதோ அப்படி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பெர்லின் பாட்டிக்கு 10 யூரோ தருகிற அதே நாற்பது பாட்டில்தான். இங்கே அது தராசில் ஏறுகிற வெறும் பிளாஸ்டிக். பாட்டிலில் வித்தியாசம் இல்லை, சகோதரிகளே. அதனுள் நாம் வைக்க மறந்த காசில்தான் இருக்கிறது.